அயனிக் கால்வாய் ஆய்வு மாநாடு: முதன்முறை நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன், இதயத் துடிப்புக் கோளாறுகள் பற்றிய ஓர் ஆய்வரங்கின் ஏற்பாட்டுக் குழுவில் நான் இளைய உறுப்பினராக இருந்தேன். காலை அமர்வில் ஐந்து பேர் அடுத்தடுத்துப் பேசினார்கள். புரத வடிவத்தை ஆராய்பவர் உரை முழுவதும் 'கேவி 11.1' என்றார், மருந்துப் பாதுகாப்புச் சோதனை செய்பவர் 'ஹெர்க்' என்றார், மரபியலாளர் 'கே.சி.என்.எச்.2' என்றார், உடலியங்கியல் பேராசிரியர் 'ஐ.கே.ஆர். மின்னோட்டம்' என்றார், கடைசியாகப் பேசிய இதய மருத்துவர் 'இரண்டாம் வகை நீள் க்யூ.டி. நோய்' என்றார். தேநீர் இடைவேளையில் ஒரு முதுநிலை மாணவி என்னிடம் வந்து, "சார், இந்த ஐந்தில் எதை நான் முதலில் படிக்க வேண்டும்?" என்று கேட்டார். ஐந்தும் ஒன்றைப் பற்றியவையே. இதயத் தசைச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வழிவிடும் ஒரு கால்வாய் (கேவி 11.1, வழக்கில் ஹெர்க்), அதன் மரபணு (கே.சி.என்.எச்.2), அதன் வழியே ஓடும் மின்னோட்டம் (ஐ.கே.ஆர்.), அது பழுதானால் வரும் நோய். அந்த நோயில் ஈ.சி.ஜி.யின் க்யூ.டி. இடைவெளி, அதாவது ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுநிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், நீண்டுவிடுகிறது. இதை அரங்கில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லும்படி நாங்களும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

அந்தப் பிழை பேச்சாளர்களுடையது அன்று, ஏற்பாட்டாளர்களுடையது. அயனிக் கால்வாய்களையும் (செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றமுள்ள அயனிகள் கடந்துபோக வழிவிடும் புரதங்கள்) அவற்றால் வரும் நோய்களையும் ஒரே தலைப்பில் சேர்த்து மாநாடு கூட்டுபவர், மின்னோட்டத்தை அளப்பவரும் நோயாளியைப் பார்ப்பவரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும்படி அமர வழி செய்ய வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அதற்குத் துணை வேலைகளே. சென்னை போன்ற ஒரு நகரத்தில், ஒரு கல்வி நிறுவனத்தின் சார்பில், ஏறத்தாழ 150 பேர் இரண்டரை நாட்கள் கூடும் மாநாட்டை முதன்முறையாக நடத்தப்போகும் இளம் ஆசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் 'அயான் சேனல்' என்றே எல்லோரும் சொல்கிறோம். இங்கே சுருக்கமாகக் கால்வாய் என்கிறேன்.

எல்லையை முதலில் வரையுங்கள்

மாநாட்டுக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. துறை எவ்வளவு பரந்தது என்று முதலில் பாருங்கள். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் அளந்த மின்னோட்டங்களை வைத்து 1952-இல் நரம்புத் துடிப்பைக் கணித வடிவில் விளக்கினார்கள். நேயரும் ஸாக்மனும் 1976-இல் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தையே பதிவு செய்து காட்டினார்கள். மெக்கின்னனின் குழு 1998-இல் ஒரு பொட்டாசியக் கால்வாயின் அணு அளவிலான வடிவத்தை வெளியிட்டது. 2013-க்குப் பிறகு, உறையவைத்த புரதங்களைப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கால்வாய்களின் வடிவங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. இவ்வளவு பரந்த துறையில் 'அயனிக் கால்வாய்கள்: அடிப்படை முதல் மருத்துவம் வரை' என்று தலைப்பு வைத்தால், எல்லோரும் விண்ணப்பிப்பார்கள்; வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பாதி உரைகள் அந்நியமாக இருக்கும்.

எனவே இரண்டு அல்லது மூன்று உறுப்பு மண்டலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புரத வடிவ ஆய்வு ஒரு நாள், செல்களின் மின்னோட்டத்தை அளக்கும் மின்னுடலியங்கியல் ஒரு நாள், மருத்துவம் ஒரு நாள் என்று உத்திவாரியாகப் பிரிப்பது எளிது. ஆனால் அப்படிப் பிரித்தால் மருத்துவர்கள் மூன்றாம் நாள் மட்டுமே வருவார்கள், ஆய்வாளர்கள் இரண்டாம் நாள் மாலையே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். உறுப்புவாரியாகப் பிரித்தால் இருவரும் ஒரே அறையில் இருந்தே ஆக வேண்டும்.

நோய்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கால்வாயைப் பற்றிய அறிவு சிகிச்சையை நேரடியாக மாற்றிய கதைகளை முன்னால் வையுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் உள்ள ஏ.டி.பி. உணர் பொட்டாசியக் கால்வாய் (ஏ.டி.பி. என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறு) மூடாமல் திறந்தே கிடந்து இன்சுலின் சுரப்பைத் தடுப்பதால் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே நீரிழிவு வருகிறது என்பது 2004-இல் தெரியவந்தது. அந்தக் கால்வாயை மூடும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தவை. இன்சுலின் ஊசியை நம்பியிருந்த பல குழந்தைகள் மாத்திரைக்கு மாறினார்கள். சென்னையிலேயே மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நீரிழிவின் மரபியலை ஆராய்ந்துவருவதால், வளர்சிதை மாற்றம் பற்றிய அமர்வுக்குப் பேச்சாளரை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. இதற்கு எதிர்ப்புறமான பாடத்தைத் தருவது டிராவே நோய்க்குறி. இந்தக் கடுமையான குழந்தைப் பருவ வலிப்பில் எஸ்.சி.என்.1.ஏ. மரபணு பழுதாகி, மூளையில் மற்ற நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் நரம்பணுக்களில் சோடியம் மின்னோட்டம் குறைந்துவிடுகிறது. ஆகவே சோடியக் கால்வாயைத் தடுக்கும் கார்பமசெபின் போன்ற வழக்கமான வலிப்பு மருந்துகள் நோயை மோசமாக்கக்கூடும். இந்த ஒரு செய்தியை மாவட்ட மருத்துவமனையிலிருந்து வரும் ஒரு குழந்தை மருத்துவர் கேட்டுச் சென்றால், மாநாட்டுக்குச் செலவழித்த பணம் அந்த இடத்திலேயே பலித்துவிட்டது என்பேன்.

நம் மண்ணுக்கென்றே உரிய கேள்விகளுக்கும் இடம் விடுங்கள். பிறவியிலேயே செவித்திறன் இல்லாமையும் க்யூ.டி. இடைவெளி நீளலும் சேர்ந்து வரும் ஜெர்வெல், லாங்கே–நீல்சன் நோய்க்குறியை 1957-இல் நார்வேயில் ஒரு குடும்பத்தில் கண்டு எழுதினார்கள். இதயத்திலும் உட்செவியிலும் ஒரே பொட்டாசியக் கால்வாய் வேலை செய்வதே அதற்குக் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இது தோன்றும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் பகுதிக்கு இது நூலில் மட்டும் படிக்கும் நோய் அன்று. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செவித்திறன் இல்லாத குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்பு (உட்செவியில் செவிக்கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை நடக்கிறது. அந்த அறுவை மருத்துவர்களையும் மயக்க மருந்து நிபுணர்களையும் அழைத்து, அறுவைக்கு முன் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி.யை எப்படி அளக்கிறார்கள் என்று பேசவைத்தால், எந்த வெளிநாட்டு மாநாட்டிலும் கிடைக்காத ஓர் அமர்வு உங்களுக்குக் கிடைக்கும்.

குழு

ஏழு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களில் இருவராவது நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களாக இருக்க வேண்டும், பெயருக்காக அன்றி நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பவர்களாக. கணக்கை ஒருவர், பேச்சாளர் பயணத்தை ஒருவர், ஆய்வுச் சுருக்கங்களை ஒருவர் என்று பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்; 'நாம் எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை. நிறுவனத் தலைவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற்ற பிறகே மாநாட்டின் பெயரை வெளியில் சொல்லுங்கள். ஆய்வு மாணவர் இருவரைக் குழுவில் முழு உறுப்பினராகச் சேர்ப்பது என் வழக்கம், ஏனெனில் விடுதி அறை முதல் ஆய்வு முடிவுகளை ஒட்டிவைக்கும் போஸ்டர் பலகை வரை எங்கே இடிக்கும் என்பதை அவர்களே முன்கூட்டி அறிவார்கள்.

நாளும் இடமும்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அந்த மாதங்களில் விமானச் சீட்டு வாங்கச் சொல்ல மாட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து இசைவிழாக் காலம் என்பதால் தங்கும் விடுதிகளும் நிறைந்திருக்கும். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில். டிராவே நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு உடல் வெப்பம் ஏறினாலே வலிப்பு வரக்கூடும் என்பதால், குடும்பங்களை அழைக்க நினைத்தால் கோடையை அறவே தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் உயிர் இயற்பியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடப்பதால், நீங்கள் அழைக்கும் வெளிநாட்டுப் பேச்சாளர்கள் அந்த மாதத்தில் அங்கே இருப்பார்கள். இவற்றையெல்லாம் கழித்தால் குடியரசு நாளுக்கும் பிப்ரவரி முதல் வாரத்துக்கும் இடையே உள்ள நாட்களே மிகவும் பொருத்தமானவை.

இடத்தைப் பொறுத்தவரை, நட்சத்திர விடுதியைவிடக் கல்வி வளாகமே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைவு என்பது ஒரு காரணம். ஆய்வகம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியமான காரணம். பயிலரங்கைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன். முதன்மை அரங்கில் சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். போஸ்டர் அரங்கும் தேநீர் பரிமாறும் இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். தேநீர் வேறு மாடியில் என்றால் போஸ்டர்களுக்கு முன்னால் மாணவர்கள் மட்டும் நின்றுகொண்டிருப்பார்கள்.

பணம்

செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை ஒரு வகை: அரங்கு, பேச்சாளர் பயணம், அச்சு, ஒலி அமைப்பு. ஆள் கணக்கில் கூடுபவை இன்னொரு வகை: உணவு, கையேடு, அடையாள அட்டை. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாறாச் செலவு 6 லட்சம் ரூபாய், கிடைக்கும் நிதியுதவி 3 லட்சம், ஓர் ஆளுக்கு ஆகும் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 பேர் வந்தால் கட்டணம் 6,000 ரூபாய். 100 பேர் மட்டுமே வந்தால் அதே மாநாட்டுக்கு 7,000 ரூபாய். நீங்கள் நம்பும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணத்தைத் தீர்மானிக்காதீர்கள். குறைந்தது இத்தனை பேர் வருவார்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எண்ணிக்கையை வைத்துத் தீர்மானியுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். மாணவர் கட்டணம் ஆள் கணக்குச் செலவைத் தாண்டக் கூடாது.

அரசு நிதியுதவிக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அறிவியல் தொழிலக ஆய்வுக் குழு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடுவும் படிவமும் உண்டு. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அனுமதிக் கடிதம் மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன் வருவதும், பணம் மாநாடு முடிந்த பின் வருவதும் வழக்கமே. அதனால் நிறுவனத்திடம் முன்பணம் கேட்டு வையுங்கள். வெளிநாட்டுச் சங்கம் ஏதேனும் பணம் தர முன்வந்தால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உங்கள் நிறுவனம் அதை வாங்கலாமா என்பதையும், பதிவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்பதையும் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

மருந்து நிறுவனங்கள் இந்தத் துறைக்கு இயல்பாகவே வரும். ஒவ்வாமைக்குக் கொடுத்துவந்த டெர்ஃபெனடின் என்னும் மாத்திரை, ஹெர்க் கால்வாயைத் தடுத்து உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2005 முதல் சர்வதேச வழிகாட்டு நெறிகளின்படி, மனிதருக்குக் கொடுக்குமுன் புதிய மருந்துகளை இந்தக் கால்வாயில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆகவே அந்தச் சோதனைகளைச் செய்யும் நிறுவனங்களும் கருவி விற்பவர்களும் அரங்கில் கடை போட விரும்புவார்கள். மருந்து நிறுவனங்களுக்கு 2024-இல் வந்த சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறையைக் குழுவில் ஒருவர் முழுவதும் படித்திருக்க வேண்டும். பேச்சாளராக வருவோர் நீங்கலாக, மருத்துவர்களின் பயணச் செலவை மருந்து நிறுவனம் ஏற்க அது இடம் தருவதில்லை. நிதி தருவோருக்கு அரங்குக்கு வெளியே கடையும் கையேட்டில் நன்றியும் போதும். எந்த அமர்வின் தலைப்பையும் பேச்சாளரையும் அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

பேச்சாளர்களை அழைத்தல்

பன்னிரண்டு மாதங்களுக்கு முன் முதல் கடிதம் போக வேண்டும். உரையின் பொருள், நேரம், கேட்போர் யார், எந்தச் செலவை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது என்பவை அந்த ஒரே கடிதத்தில் இருக்கட்டும். ஆடம்பரமான பெயர்களோடு கண்டபடி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிக்கும் போலி மாநாடுகள் பெருகிவிட்ட காலம் இது. மூத்த ஆய்வாளர்கள் அறிமுகமில்லாத அழைப்பைப் படிக்காமலே நீக்கிவிடுகிறார்கள். அவருடைய எந்த ஆய்வைப் படித்துவிட்டு, எந்த அமர்வில், யாருக்கு அடுத்துப் பேச அழைக்கிறீர்கள் என்பதை முதல் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டால் பதில் வரும்.

பெரிய பெயர்களைத் துரத்துவதில் ஆண்டைக் கழிக்காதீர்கள். முதன்மை உரைக்கு ஒருவரோ இருவரோ போதும். மற்ற இடங்களைச் சொந்த ஆய்வகம் தொடங்கி ஐந்து, ஆறு ஆண்டுகளே ஆனவர்களுக்குக் கொடுங்கள். பேச்சாளர் பட்டியலின் முதல் வரைவிலேயே பெண் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் நிறைந்த பிறகு சேர்க்க நினைத்தால் இடம் இராது.

வெளிநாட்டிலிருந்து வருவோர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. அவர்களுக்கு மாநாட்டு விசா வேண்டும். அதற்குப் பொதுவாக வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியையும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு அனுமதியையும் ஏற்பாட்டாளரே விண்ணப்பித்துப் பெற்றுத் தர வேண்டும். பேச்சாளர் ஒப்புக்கொண்ட வாரமே இந்த வேலையைத் தொடங்குங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு திரும்பிவரும்.

ஆய்வுச் சுருக்கங்கள்

300 சொற்களுக்குள் சுருக்கம், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படித்தல், எழுதியவர் பெயரை மறைத்தல் என்பவை எல்லா மாநாட்டுக்கும் பொது. இந்தத் துறைக்கென்று சில கூடுதல் விதிகள் தேவை. கால்வாயைக் குறிப்பிடும் ஒவ்வொருவரும் மரபணுப் பெயர், புரதப் பெயர், வழக்குப் பெயர் மூன்றையும் முதல் வரியில் எழுத வேண்டும் என்று படிவத்திலேயே கேளுங்கள். நான் தொடக்கத்தில் சொன்ன குழப்பம் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். நோயாளியிடம் கண்ட மரபணு மாறுபாட்டைப் பற்றிய சுருக்கமானால், அது நோய் விளைவிப்பது என்று எந்த அடிப்படையில் சொல்கிறார்கள், 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட வகைப்பாட்டில் எந்தப் பிரிவில் அது வருகிறது, கால்வாயின் வேலையை அளந்து பார்த்தார்களா என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். நோய் விளைவிக்குமா என்று இன்னும் சொல்ல இயலாததை 'முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு' என்று எழுதுவதில் தவறில்லை என்பதையும் குறிப்பில் சொல்லுங்கள், ஏனெனில் மாணவர்கள் மதிப்பெண்ணுக்கு அஞ்சித் தங்கள் முடிவை ஒரு படி உயர்த்தி எழுதிவிடுகிறார்கள். மின்னோட்டப் பதிவுகள் என்றால் எத்தனை செல்கள், எத்தனை தனித்தனிச் சோதனைகள், எந்த வெப்பநிலை என்பது வேண்டும். அறை வெப்பநிலையில் அளந்த ஹெர்க் மின்னோட்டமும் 37 பாகையில் அளந்ததும் ஒன்றல்ல.

நோயாளிகளின் தரவு உள்ள சுருக்கத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. அரிய நோயுள்ள குடும்பத்தின் வம்சாவளிப் படத்தையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் திரையில் காட்டினால், அந்த ஊர்க்காரர் ஒருவர் அரங்கில் இருந்தாலே குடும்பம் அடையாளம் தெரிந்துவிடும். ஊர், சாதி, தொழில் மூன்றையும் நீக்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நிரல்

ஓர் அமர்வை எப்படிக் கட்டுவது என்பதற்கு இதய அமர்வையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஓர் இதய மருத்துவர் பத்து நிமிடம் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசட்டும்: தொலைபேசி மணி கேட்டதும் மயங்கி விழுந்த ஒரு பெண், அவருடைய ஈ.சி.ஜி., குடும்ப வரலாறு. அடுத்து மரபியலாளர், அதே கதையில் கே.சி.என்.எச்.2-இல் கண்ட மாறுபாடு. அடுத்து மின்னுடலியங்கியலாளர், அந்த மாறுபாட்டால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது, கால்வாய் செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராததாலா, வந்தும் திறக்காததாலா. அடுத்து புரத வடிவத்தை ஆராய்பவர், மாறிப்போன அந்த அமினோ அமிலம் கால்வாயில் எங்கே இருக்கிறது. கடைசியாக மீண்டும் மருத்துவர், இத்தனையும் தெரிந்த பிறகு எந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறோம், யாருக்கு பீட்டா தடுப்பான் மருந்து, யாருக்கு ஆபத்தான துடிப்பை நிறுத்தும் உள்வைப்புக் கருவி. உரை இருபது நிமிடம் என்றால் கேள்விக்குப் பத்து நிமிடம் தனியாக ஒதுக்கி, அதை உரைக்குக் கடன் கொடுக்காதீர்கள். அமர்வுத் தலைவர்கள் இருவர் இருக்கட்டும், ஒருவர் மருத்துவர், ஒருவர் ஆய்வாளர். முதல் கேள்வியைத் துறை மாற்றிக் கேட்க வேண்டும் என்று அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கையேட்டின் முதல் தாளில் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும். ஒவ்வொரு கால்வாய்க்கும் மரபணு, புரதம், மின்னோட்டம், நோய், மருந்து என்று ஒரே வரியில் எழுதி, மாநாட்டில் பேசப்படும் இருபது, முப்பது கால்வாய்களை அதில் அடக்குங்கள். செலவில்லாத வேலை, ஆனால் ஆண்டுக்கணக்கில் மாணவர்களின் மேசை மீது கிடப்பது அந்தத் தாள்தான்.

தொடக்க விழாவை இருபது நிமிடத்துக்குள் முடியுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை ஆகியவை போதும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் இரவு உணவின்போது கொடுக்கலாம். மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் காலையில் போர்த்தத் தொடங்கினால், முதல் உரையின் கேள்வி நேரம் போய்விடும். வெளியிடாத தரவுகளைப் பேச்சாளர்கள் நம்பிக்கையோடு காட்ட வேண்டுமானால், திரையைப் படமெடுக்கக் கூடாது என்ற விதியை அறிவிப்பதோடு நில்லாமல் நடைமுறைப்படுத்தவும் வேண்டும்.

போஸ்டருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம், ஒற்றைப்படை எண்கள் ஒரு நாள், இரட்டைப்படை எண்கள் மறுநாள்.

பேட்ச் கிளாம்ப் பயிலரங்கு

மாநாட்டுக்கு முந்தைய நாள் ஒரு பயிலரங்கு வைத்தால், மருத்துவ மாணவர் ஒருவர் தன் கண்ணால் ஒரு கால்வாய் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் அரங்குக்கு வருவார். அதற்கு ஈடான அறிமுக உரை கிடையாது. ஒரு மைக்ரான் அளவு முனையுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின் மீது வைத்து, மெல்ல உறிஞ்சி, கண்ணாடிக்கும் சவ்வுக்கும் இடையே கிகா ஓம் அளவுக்கு மின்தடை வரும்வரை காத்திருந்து, பிக்கோ ஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவு மின்னோட்டத்தை அளக்கும் வேலையே பேட்ச் கிளாம்ப். எனவே கருவியை அரங்குக்குத் தூக்கிவரும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அதிர்வு தடுக்கும் மேசையும் வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் பாரடே கூண்டும் எங்கே நிலைபெற்றிருக்கின்றனவோ அங்கே மாணவர்கள் போக வேண்டும். ஒரு கருவிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. நான்கு கருவிகள் இருந்தால் பதினாறு இடங்கள், அவ்வளவே.

கால்வாய் மரபணுவைச் செலுத்திய செல்களை ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே தயார் செய்து, இரண்டு தொகுதிகளாக வைத்திருங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று. கரைசல்களைப் புதிதாகக் கலக்கி, வடிகட்டி, சவ்வூடு செறிவை அளந்து குறித்து வையுங்கள். கண்ணாடிக் குழாய்களை அன்று காலையே இழுக்க வேண்டும். நேற்று இழுத்தவற்றில் தூசு படிந்திருக்கும். முந்தைய நாள் மாலை, அறையில் ஆட்கள் நிற்கும் நிலையிலேயே ஒரு முழுப் பதிவைச் செய்து பாருங்கள். குழல் விளக்கு, கைபேசி மின்னேற்றி, குளிர்சாதனம் ஆகியவற்றிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நுழைவது அப்போதுதான் தெரியும். எத்தனை முயன்றாலும் அன்று செல் ஒட்டாமல் போகலாம். அதற்காக, நல்ல பதிவுகள் சிலவற்றைக் கணினியில் வைத்திருந்து, அவற்றைப் பகுத்தாயக் கற்றுக்கொடுங்கள்.

நோயாளிக் குடும்பங்கள்

ஒரு பிற்பகல் அமர்வைக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். அது தமிழில் நடக்கட்டும். மருத்துவர் வழியாக மட்டுமே அழைப்பு போக வேண்டும். பெயர்ப் பட்டியலை அச்சிடக் கூடாது. படமெடுப்பவர் அந்த அறைக்குள் வரவே கூடாது. மரபியல் ஆலோசகர் ஒருவர் அங்கே இருப்பது கட்டாயம், ஏனெனில் 'அடுத்த குழந்தைக்கும் வருமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு நூறு பேர் நடுவில் மேடையிலிருந்து பதில் சொல்லக் கூடாது.

துறையின் அறிவை நாமே பயன்படுத்த வேண்டிய இடம் இது. இரண்டாம் வகை நீள் க்யூ.டி. உள்ளவர்களுக்குத் திடீர் ஒலியே ஆபத்தான துடிப்பைத் தூண்டக்கூடும். ஆகவே அமர்வு முடிந்ததைச் சொல்ல மணி அடிக்காதீர்கள். பேச்சாளருக்கு விளக்கால் குறிப்புக் காட்டுங்கள், ஒலிபெருக்கிச் சோதனையை ஆட்கள் வருமுன் முடித்துவிடுங்கள். தானியங்கி இதயத் துடிப்பு மீட்புக் கருவி அரங்க வாசலில் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த இருவர் பெயர் எல்லாத் தன்னார்வலர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கலை நிகழ்ச்சியில் மின்னி மின்னி அணையும் விளக்குகள் வேண்டாம். வலிப்புள்ள சிலருக்கு அவை தாங்காது. வரவேற்பில் எல்லோர் கையிலும் இளநீர் கொடுப்பது நம் வழக்கம், ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அவ்வப்போது வந்துபோகும் தசைச் செயலிழப்பு நோயில் உயர் பொட்டாசிய வகை உள்ளவருக்கு அதுவே கை கால்களை முடக்கிவிடலாம். தாழ் பொட்டாசிய வகை உள்ளவருக்கோ மாவும் இனிப்பும் நிறைந்த விருந்து அப்படிச் செய்யும். பதிவுப் படிவத்தில் சைவமா அசைவமா என்று கேட்பதோடு, மருத்துவக் காரணத்தால் தவிர்க்க வேண்டிய உணவு எது என்று ஒரு வரி சேருங்கள்.

மாநாட்டு நாட்கள்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மருத்துவர்களின் தொடர்கல்விக்கு வழங்கும் கிரெடிட் மணிகளுக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் வருகைப் பதிவைச் சரியாக வைத்திருங்கள். மருத்துவர்கள் அதை நம்பி வருகிறார்கள். உரைகளின் கோப்புகளை முந்தைய நாள் மாலையே வாங்கி, அரங்கக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கால்வாய் அசைவுக் காணொளிகள் வேறு கணினியில் ஓடாமல் நிற்பது அடிக்கடி நடப்பது. ஏற்பாட்டுக் குழுவினரில் ஒருவராவது எந்த வேலையும் இல்லாமல் அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து, யார் தனியாக நிற்கிறார், யாரை யாரோடு அறிமுகப்படுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது மாநாட்டில் நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். தன் நோயாளியின் மாறுபாட்டை யாரிடம் கொடுத்து அளந்து பார்ப்பது என்று தெரியாமல் இருந்த ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரையும், அதே மரபணுவில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஆய்வு மாணவரையும் மதிய உணவு வரிசையில் ஒன்றாக நிற்கவைத்தேன்.

முடிந்த பிறகு

முதல் வாரத்தில் பேச்சாளர்களின் பயணப் பணத்தைக் கொடுத்து முடியுங்கள். மாணவர்களுக்குத் தர வேண்டிய பயண உதவி அதற்கும் முன்னால் போக வேண்டும், ஏனெனில் அவர்கள் கடன் வாங்கி வந்திருப்பார்கள். நிதி தந்த துறைகளுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் உரிய வடிவத்தில் அனுப்புங்கள். இது தாமதமானால் உங்கள் நிறுவனத்தில் அடுத்து விண்ணப்பிப்பவரின் கோப்பும் நின்றுபோகலாம். சுருக்கங்களில் வந்த மரபணு மாறுபாடுகளை, உரிய ஒப்புதல் உள்ளவரையில், மாறுபாடுகளையும் அவற்றின் நோய்த் தொடர்பையும் தொகுக்கும் கிளின்வார் தரவுத்தளத்தில் பதிவு செய்யும்படி எழுதியவர்களைக் கேளுங்கள். இந்தியக் குடும்பங்களில் கண்ட மாறுபாடுகள் அங்கே ஏறினால்தான் அடுத்த மருத்துவரின் அறிக்கையில் 'முக்கியத்துவம் தெரியாதது' என்ற சொல் குறையும். அமர்வுக்கு வந்த குடும்பங்களுக்கு, அன்று பேசியவற்றையும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்களையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் இணைத்து, அவர்களுடைய மருத்துவர் வழியாகவே ஒரு மாதத்துக்குள் அனுப்பிவையுங்கள்.